ஏழாம் எண் சீட்டு

குலுக்கல் முடிவு வந்த மாலை நாலு மணிக்கு மனைப் பலகை முன் நின்றவர்கள்: கில்டின் தலைவியான என் அண்ணி, ஒரு தையல்காரர், லாரி ஓட்டுவதால் லாரி என்றே நாங்கள் கூப்பிடும் ஒருவர், நான்.

நின்றது ஆன்லைன் விளையாட்டுக்குள். நிஜத்தில் அண்ணி கூடத்தில் லேப்டாப் முன்னால் இருந்தார். நான் பாதி இடத்தை அட்டைப்பெட்டிகள் அடைத்துக்கொண்ட என் அறையில் இருந்தேன். நடுவில் ஒரு சுவர். மற்ற இருவரும் எங்கோ தொலைவில், ஹெட்போனில் குரலாக.

அந்த விளையாட்டில் மனைகள் குறைவு, ஆட்கள் அதிகம். அதனால் குலுக்கல். மனை காலியானால் பலகையில் சீட்டுப் போட வேண்டும். ஐந்து நாள் கழித்து ஓர் எண் விழும். நாங்கள் நாலு பேர் சேர்ந்த குழுதான் கில்டு. கில்டின் பெயரிலும் போடலாம், சொந்தப் பெயரிலும் போடலாம். கிடைத்த வீட்டைக் கைமாற்ற முடியாது.

நாலு முறை அண்ணி போட்டார். விழவில்லை. வீடு வந்தால் வைப்பதற்கென்று எட்டு மாதமாக விளையாட்டுக்குள்ளேயே நாற்காலி, அலமாரி, விளக்கு என்று செய்து குவித்திருந்தார். இந்த முறையும் இல்லையென்றால் கில்டைக் கலைத்துவிட்டு வேறு பெரிய கில்டில் போய் ஒண்டிக்கொள்வது என்று முடிவாகியிருந்தது. தன் கை ராசியில்லாத கை என்று சொல்லி, ஐந்தாவது சீட்டை என்னிடம் விட்டார்.

போட்டேன். என் பெயரில்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. படிப்பைப் பாதியில் விட்டவன். ராத்திரி முழுக்கக் கிடங்கில் பெட்டி அடுக்கிவிட்டு, பகலில் அண்ணன் வீட்டில் தூங்குகிறவன். என் பெயரில் இருப்பது ஒரு செல்போன் இணைப்பு. விழாத சீட்டில் யார் பெயர் இருந்தால் என்ன என்று நினைத்துக்கொண்டேன். கில்டின் பெயரில் போட்டாயிற்று, எண் ஏழு என்று எல்லோரிடமும் சொன்னேன். எண் மட்டும் பொய் இல்லை.

ஏழு விழுந்தது.

வண்டியை ஓரங்கட்டிக் காத்திருந்த லாரி ஹாரனை அடித்துத் தள்ளினார். திரைச்சீலைக்கு அளவெடுக்க எப்போது வரலாம் என்று தையல்காரர் கேட்டார். அண்ணி சிரித்தது ஹெட்போனைத் தாண்டிச் சுவர் வழியாகவும் கேட்டது. அவர் போய்ப் பலகையைத் தொட்டார். அது திறக்கவில்லை. சீட்டுப் போட்டவன்தான் தொட வேண்டும் போல என்று மூன்று பேரும் எனக்கு வழிவிட்டு நின்றார்கள்.

தொட்டேன். வாசலில் பெயர்ப்பலகை முளைத்தது. என் பெயர்.

"தவறி அழுத்திட்டியா தம்பி?" என்றார் அண்ணி.

"ஆமா அண்ணி. தூக்கக் கலக்கம்."

"கல்யாணத்துக்கு மோதிரம் வாங்கப் போனவன், தானே போட்டுக்கிட்டு வந்த கதையால்ல இருக்கு," என்று லாரி எனக்காகச் சிரித்தார். தானும் ஒருமுறை ஒரே சட்டைக்கு இரண்டு இடது கை தைத்ததாகத் தையல்காரர் ஆறுதல் சொன்னார். நம்பிவிட்டார்கள். திட்டியிருந்தால் தேவலை.

அண்ணி மைக்கை அணைத்தார். பிறகு சுவர் வழியாக, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"யார் பேருக்குன்னு எழுத்தெழுத்தா அடிச்சாத்தான் பலகை சீட்டை வாங்கும். நாலு தடவ அடிச்சிருக்கேன் தம்பி."

அவர் மைக்கைத் திரும்பப் போட்டு, பாவம் பையன் அசந்துபோயிருக்கிறான், யாரும் ஒன்றும் சொல்லாதீர்கள் என்று அவர்களிடம் கேட்டுக்கொண்டார். பெரிய கில்டுக்கு நாளைக்கே எழுதிப் போடுவதாகவும் சொன்னார். எத்தனை பேருக்கு என்று லாரி கேட்டார். மூன்று என்றார்.

ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பினேன். சாப்பாட்டு டப்பா வழக்கம்போல மேசையில் தயாராக இருந்தது.

"சாவி இருக்கில்ல?" என்றார், நிமிராமல்.

"இருக்கு அண்ணி."

எங்கள் மாடிப்படியில் விளக்கு இல்லை. நான் கீழே இறங்கி முடிக்கும்வரை, கூடத்து வெளிச்சம் விழட்டும் என்று தினமும் கதவைத் திறந்தே வைத்திருப்பார். அன்று நான் முதல் படியில் கால் வைத்ததுமே பின்னால் கதவு சாத்திக்கொண்டது. பூட்டு இரண்டு சுற்று சுற்றியது.