உடைமாற்றும் அறையின் ஸ்பீக்கர்

"மூலைப் பெட்டிச் சாவியைத் தாங்க, வாஹித் நானா."

எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்காதே என்று, நான் பூங்காவில் அவருக்கு உதவியாக வயர் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார். நாலு மாதம் கேட்கவில்லை. இன்று காலை இடி விழுந்து பூங்காவின் ஸ்பீக்கர்கள் எல்லாம் ஊமையாகிவிட்டன. சுற்றுலா வரும் பாடசாலை பஸ்கள் பெரகல தாண்டி மலை ஏறிக்கொண்டிருந்தன. மூடுபனியில் ராட்டினமே தெரியவில்லை. மற்ற பெட்டிகளை எல்லாம் பார்த்தாயிற்று.

நானா சாவியை மேசையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தேயிலைத் தோட்டத்து ஆட்கள் குடியிருந்த பழைய லயத்தை இடித்துக் கட்டிய இடம் இது. பெண்கள் உடைமாற்றும் அறையில் ஒரு ஸ்பீக்கர் இருக்கிறது. இதுவரை ஒரு அறிவிப்புகூட அதில் வந்ததில்லை. ஆனால் அந்த அறையில் பேசுவதெல்லாம் மெனேஜருக்குத் தெரிந்துவிடும். லயத்தில் செத்தவர்கள் காட்டிக்கொடுக்கிறார்கள் என்று டிக்கட் கொடுக்கும் பெண்கள் சொல்வார்கள். போன வாரம் சுதர்ஷினி அங்கே வைத்து, ராட்டினத்து பெல்ட் வெடித்திருக்கிறது, லேபர் கந்தோர் அதிகாரிக்கு எழுதப்போகிறேன் என்று என்னிடம் சொன்னாள். மறுநாள் அவளுக்கு வேலை இல்லை. அறையில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். அன்றிலிருந்து யாரும் பேயைக் குறை சொல்வதில்லை, என்னைத்தான். என் அம்மாவோடு கொழுந்து பறிப்பவர்கள்கூட அம்மாவிடம் முகம் கொடுப்பதில்லை.

பெட்டிக்குள் பியூஸ் கருகியிருந்தது. மாற்றினேன். வெளியே ஸ்பீக்கர்கள் இரைந்தன. அப்போதுதான் கவனித்தேன். உடைமாற்றும் அறையிலிருந்து வரும் வயர் மட்டும் தலைகீழாக, ஒரு சின்ன எம்ப்ளிஃபயருக்குள் போனது. அதிலிருந்து இன்னொரு வயர் பலகைச் சுவரைத் துளைத்து மெனேஜர் அறைக்கு. ஹெட்போனை எம்ப்ளிஃபயரில் செருகிக் காதில் வைத்தேன்.

முதலில் வெறும் இரைச்சல். பிறகு வளையல் சத்தம். யாரோ என் காதுக்குள்ளேயே மூச்சு விட்டார்கள். திரும்பிப் பார்த்தேன், பின்னால் யாரும் இல்லை.

"மெதுவா பேசுடி, பட்டதாரியம்மா வந்துருவா." டிக்கட் கொடுக்கும் ஜெயலெட்சுமியின் குரல். பட்டதாரியம்மா என்றால் நான்தான்.

"வரட்டுமே. நல்ல பேய்தான். மாசாமாசம் சம்பளம் வாங்குது."

சிரித்தார்கள். செத்தவள் தன் சாவு வீட்டுப் பேச்சைக் கேட்பது போல நின்றேன். அதே பேச்சுக்கு, அதே நொடியில், பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆம்பளைச் சிரிப்பு எழுந்து அடங்கியது.

பத்து நிமிடத்துக்கு முன் இதுவும் ஊமையாகத்தான் கிடந்தது. உயிர் கொடுத்தது நான்.

"ஒங்களுக்குத் தெரியுமா நானா?"

"ஸ்பீக்கரைத் திருப்பிக் கட்டினா அதுவும் மைக்தானே புள்ள." "கட்டினது நான்தான்."

சம்பளம் கூட்டித்தரச் சொல்கிறேன், பெட்டியைப் பூட்டிவிடு என்றார். நாலு வருசம் கம்பஸில் படித்து, நான் பூட்டவேண்டியது இதைத்தான். வயரைப் பிடுங்கக் கை வைத்தேன். பிடுங்கவில்லை. பிடுங்கினால் என் பேச்சை யார் நம்புவார்கள்? ஜெயலெட்சுமி தன் காதாலேயே கேட்கட்டும்.

"வேலை போயிரும் புள்ள."

பெட்டியைத் திறந்தபடியே விட்டுவிட்டு, ஜெயலெட்சுமியைக் கூட்டிவர மூடுபனிக்குள் இறங்கினேன்.