பெனடிக்டாவின் காய்ந்த பலகை

பெனடிக்டா செத்தால்தான் ஜோரி டிரெகியருக்கு விடுதலை. அவர் பெனடிக்டா என்ற அந்தப் போர்க்கப்பலின் தச்சர். மாலுமிகள் வருவார்கள், போவார்கள், கேப்டன்கள்கூட மாறுவார்கள். தச்சருக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை கிடையாது. கப்பலை உடைக்க இழுத்துக்கொண்டு போனால்தான் அவர் கரையேறலாம்.

அந்தச் சனியன் லேசில் சாகிற உருப்படியா என்ன? மேற்கிந்தியத் தீவுகளில் மஞ்சள் காய்ச்சல் பாதிப் பேரை வாரிக்கொண்டு போனது. கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரெஞ்சுக்காரனை வெளியே விடாமல் அடைக்கிறேன் என்று பிரெஸ்ட் துறைமுகத்து வாசலில் வருஷக்கணக்காகப் புயலில் உருண்டது. அப்புறம் ஒரு சண்டை. இடதுபக்கப் பலகையைப் பிளந்துகொண்டு வந்த குண்டு, அங்கே பீரங்கிக்கு வெடிமருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த கிட்டைக் கொன்றது. கிட் ஜோரியின் ஒரே மகன். அதற்குப் பிறகாவது விட்டார்களா? கப்பலை ஆஸ்பத்திரி ஆக்கினார்கள். யுத்தம் முடிந்ததும் பாய்மரங்களைக் கழற்றிப் பிளிமத் ஆற்றுச் சேற்றில் கட்டிப்போட்டார்கள். கூடவே ஜோரியையும்.

கட்டிப்போட்ட கப்பல்களில் மற்றத் தச்சர்களின் பெண்டாட்டிகள் குடியே இருந்தார்கள். பீரங்கி ஜன்னலில் துணி காயப்போட்டார்கள். ஜோரியின் மனைவி டாம்சின் மட்டும், என் பிள்ளையைத் தின்ற கப்பலில் காலை வைக்கமாட்டேன் என்று கரையிலேயே இருந்துவிட்டாள். ஜோரிக்கும் அலுத்துவிட்டது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து சூடாக ஒருவாய் கஞ்சி குடிக்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம்.

இன்று சோதனை. அதிகாரி ஹெக்ஸ்ட் இரும்புக் குத்தூசியோடு வந்தார். ஊசி இறங்கினால் மரம் அழுகல், கப்பல் உடைப்புக்கு. ஜோரியே முன்னால் நடந்து மோசமான மூலைகளாகப் பார்த்துக் காட்டினார். அங்கங்கே கொஞ்சம் இறங்கியது. கடைசியில் ஹெக்ஸ்ட், குண்டு பிளந்த இடத்தில் ஜோரி போட்ட ஒட்டுப்பலகைக்குப் போனார். முதலில் அழுகுவது ஒட்டுதானாம். ஓங்கிக் குத்தினார். ஊசி இறங்காமல் திரும்பி வந்தது.

"இத எப்படிய்யா இவ்வளவு காய வச்சிருக்க?"

வெயிலடித்தால் ஜோரி அந்த ஒட்டுக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைப்பார். மழை என்றால் கரியடுப்பைப் பக்கத்தில் வைப்பார். கப்பலுக்காகச் செய்கிறோம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. ஒட்டே இப்படியென்றால் மற்றதைப் பழுதுபார்த்துக்கொள்ளலாம் என்று ஹெக்ஸ்ட் முடிவு சொல்லிவிட்டார். இனி பெனடிக்டா கைதிகளை அடைக்கும் கப்பல்.

கரைப் படியில் டாம்சின், ஜோரியின் சாமான்களை ஏற்ற வாடகைத் தள்ளுவண்டியோடு நின்றிருந்தாள். ஜோரி படகைப் படியோரம் நிறுத்தினார். உட்கார்ந்தபடியே விஷயத்தைச் சொன்னார்.

"எங்க குத்தினாரு?"

"கிட் விழுந்த எடத்துல."

"அழுகலையா?"

"நான் அழுக விடல, டாம்சின். மழைன்னா பக்கத்துல அடுப்பு வைப்பேன்."

அவள் வெகுநேரம் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வானத்தைப் பார்த்தாள்.

"மழை வரப்போவுது. அடுப்பு வச்சியா?"

"இல்ல. இன்னைக்கு முடியல."

டாம்சின் வண்டிக்காரனைப் போகச் சொன்னாள். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படகில் இறங்கி, அவர் கையிலிருந்த துடுப்பை வாங்கிக்கொண்டாள்.

"அந்த எடத்தக் காட்டு. இன்னைக்கு நான் வைக்கிறேன்."