வாசல்வரை போகிற வித்தை

ஆசைக்கு விலை மீட்டருக்கு நாற்பது ரூபாய். கொள்முதலுக்குப் போகிற மொத்தக் கடையில் ஒரு துணி பிடித்திருக்கிறது என்று முகத்தில் காட்டிவிட்டால், எதிரே உட்கார்ந்திருப்பவன் அந்த நாற்பதைச் சத்தமில்லாமல் ஏற்றிவிடுவான். அப்பாவிடம் திட்டு வாங்கி இதைக் கற்றுக்கொண்ட துணிக்கடைக்காரர், அதன்பிறகு எந்தத் துணிக்கும் முகத்தைத் திறந்ததில்லை. கடைவீதியில் அவருக்குக் கல்லுமூஞ்சி என்று பேர். அதைப் பட்டம் மாதிரிதான் வைத்துக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு சிக்கல். கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வரும்போது முகத்தைத் திறக்க மறந்துவிடுவார்.

அவர் மனைவி போன வருஷம் பெரியவர்களுக்கான நடன வகுப்பில் சேர்ந்தாள். வெளியூரில் மூன்று மாதப் பயிற்சி ஒன்று இருக்கிறது, முடித்துவிட்டு வந்தால் நீங்களே சொல்லிக்கொடுக்கலாம் என்று டீச்சர் இப்போது ஆசை காட்டியிருந்தார்.

"போகட்டுமா?" என்று கேட்டாள்.

"உன் இஷ்டம்" என்றார்.

மறுநாளும் கேட்டாள். மறுநாளும் அதேதான்.

"நான் போறது உங்களுக்குச் சம்மதமா, வருத்தமா, இல்ல தொல்லை விட்டுதுன்னு இருக்கா? எதுன்னு தெரிஞ்சாதானே நான் முடிவு பண்ண முடியும். இத்தனை வருஷமா உங்க மூஞ்சியப் பாத்துப் பாத்து எனக்குக் கண்ணுதான் போச்சு."

"அதான் சொல்லிட்டேனே."

"நீங்க சொன்னது சரக்கு வேண்டாம்னு எழுந்திருக்கறப்ப சொல்ற வார்த்தை. நானும் கடையில உக்காந்தவதான்."

சனிக்கிழமைக்குள் டீச்சருக்குப் பதில் சொல்ல வேண்டும். அன்றைய வகுப்புக்கு ஆளுக்கு ஒருவரை வீட்டிலிருந்து அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள். "சும்மா வந்து நில்லுங்க, போதும்" என்றாள். அப்படி என்னதான் விற்கிறார்கள் அங்கே என்று பார்க்கும் ஆவலில் அவரும் கிளம்பினார்.

மாடியில் நீளமான அறை. கீழே அச்சகம் ஓடுகிற அதிர்வு பலகைத் தரை வழியாகப் பாதத்துக்கு வந்தது. சுவர் முழுக்கக் கண்ணாடி, அத்தனையையும் படுக்கை விரிப்பால் மூடியிருந்தார்கள். பாலியஸ்டர் கலந்தது, நாலு துவையலில் நூல் உருண்டை கட்டிவிடும் என்று மனதுக்குள் தீர்ப்பு எழுதினார்.

"நல்ல கண்ணாடிய எதுக்குங்க மூடி வெச்சிருக்கீங்க?"

"கண்ணாடி இருந்தா, நாம எப்படித் தெரியறோம்னுதான் பாப்போம் சார். உடம்பு என்ன பண்ணுதுன்னு உள்ளேயிருந்து கவனிக்கணும்" என்றார் டீச்சர்.

செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடி நிற்கச் சொன்னார். எடை எந்தக் காலில் அதிகம்? இடதில். ஏன் இடதில்? வலது தோள் மட்டும் எதற்காக இப்படித் தொங்குகிறது? துணிக்கடைக்காரருக்கு வேடிக்கையாக இருந்தது. இத்தனை வருஷம் கூடவே இருந்தும் ஒரு தரம்கூட இருப்பு எடுக்காத கிடங்கு.

அடுத்த பயிற்சிக்கு இருவர் இருவராக நின்றார்கள். "ஒருத்தர் ஒரு பொருள வெச்சுக்கணும். இன்னொருத்தர் அதைக் கேக்கணும். கேக்கறவங்க பேசக்கூடாது, பிடுங்கக்கூடாது. நிஜமாவே வேணும்னு கேக்கறாங்கன்னு பட்டாத்தான் கொடுக்கணும்" என்றார் டீச்சர்.

பல் டாக்டர் ஒருவர் பசித்த பூனை மாதிரி தன் தங்கையின் காலைச் சுற்றிச் சுற்றி வந்து, வண்டிச் சாவியை உடனே வாங்கிவிட்டார். துணிக்கடைக்காரரின் மனைவியோ தன் கணவரின் மூக்குக்கண்ணாடிக் கூட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அவர் கூட்டைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார். கொட்டாவி விட்டார். போனால் போகிறதென்று கூட்டை ஒரு பார்வை பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பிறகு கையை உதறிக்கொண்டு விறுவிறுவென்று வாசலைப் பார்த்து நடந்தார்.

மொத்தக் கடையில் தோற்றதே இல்லாத வித்தை அது. வேண்டாம் என்று எழுந்து வாசல்வரை போனால், "சரி சரி, வந்து உக்காருங்க" என்று கூப்பிட்டே தீருவார்கள்.

வாசலில் நின்றார். யாரும் கூப்பிடவில்லை.

"கிளம்பிட்டாரா?" என்று பல் டாக்டர் கிசுகிசுத்தார்.

"இல்ல. பேரம் பேசறார்" என்றாள் மனைவி. அவள் குரலில் சிரிப்பு இல்லை.

அந்தக் குரல் அவர் பின்கழுத்தில் சுருக்கென்று விழுந்தது. அப்போதுதான் ஒன்று விசித்திரமாகப் பட்டது. முகம் வெளியே பார்க்கிறது, முதுகு அறைக்குள்ளேயே இருக்கிறது. பின்கழுத்து முழுக்கக் காதாகிவிட்டது. கீழே பார்த்தார். வலது பாதம் அவரைக் கேட்காமலே பாதி உள்பக்கம் திரும்பியிருந்தது. வெளியே போகிறவன் காலா இது?

டீச்சர் அருகில் வந்தார். "சார், அந்த விரல் என்ன பண்ணுது?"

"எந்த விரல்?"

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், இல்லாத துணி ஒன்றைத் தடவிப் பார்ப்பது போல மெதுவாக உரசிக்கொண்டிருந்தன. ரொம்ப உசத்தியான சரக்கைத் தொட்டுவிட்டால் அவர் விரல்கள் அப்படித்தான் செய்யும், துணியை விட்ட பின்னும். முகத்தைப் பூட்டத் தெரிந்தவருக்கு அதை மட்டும் பூட்ட வரவில்லை. மொத்தக் கடையில் அந்தக் கையைப் பைக்குள் ஒளித்துக்கொள்வார். இன்றைக்கு மனைவி எடுத்துக் கொடுத்த தொளதொளா கால்சட்டையில் பை இல்லை.

"ஒளிக்காதீங்க. அது எங்க போகணும்னு பாக்குதோ, அது பின்னாலயே போங்க."

என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று கையை முன்னே விட்டார். கை திரும்பியது. தோள் இளகிக் கொடுத்தது, அப்புறம் இடுப்பு, அப்புறம் முழங்கால். மனைவியின் முன் வந்து நின்றதும் விரல்கள் ஓய்ந்து, உள்ளங்கை மேலே பார்த்து விரிந்தது. முகம் என்ன செய்துகொண்டிருந்தது என்று அவருக்குத் தெரியாது. கண்ணாடியைத்தான் மூடிவிட்டார்களே.

அவளுக்குத் தெரிந்தது. கூட்டை அவர் கையில் வைத்தாள். தன் கையை எடுக்கவில்லை.

"இப்பக் கேக்கறேன். போகட்டுமா?"

"போயிட்டு வா. நீ இல்லாட்டியும் கடை ஓடும். எனக்குத்தான் ஓடாது."

"இதைச் சொல்ல இவ்வளவு நாளா?"

"சொன்னா விலைய ஏத்திடுவியோன்னு."

"ஏத்தத்தான் போறேன். தினம் போன்ல, இன்னிக்கு எது பிடிச்சுது, எது பிடிக்கலன்னு வாயத் தொறந்து சொல்லணும்." டீச்சர் பக்கம் திரும்பினாள். "நான் பயிற்சிக்குப் போறேன் டீச்சர்."

படியிறங்கும்போது பழக்கதோஷத்தில் கணக்குப் போட்டார். வரவு, தன்னுடைய கண்ணாடிக் கூடே தனக்கு. செலவு, மூன்று மாதம் மனைவி, கூடவே கல்லுமூஞ்சி என்ற பட்டம். யாரைக் கேட்டாலும் சுத்த நஷ்டம் என்பார்கள். விரல்கள் மட்டும், நல்ல சரக்குத்தான் என்று இன்னும் உரசிக்கொண்டிருந்தன. பாக்கி, ஒரு ஆட்டம். நடன வகுப்புக்கு வந்துவிட்டு அவர் இன்னும் ஆடவே இல்லை. அவள் திரும்பி வந்ததும் வசூலித்துக்கொள்ளலாம் என்று அதை அவள் பேரில் பற்று எழுதினார்.