பாதி ஆப்பிள், பாதி சோடா

வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று டொமினிக் பயப்படுகிறான் என்பதைப் பிரிஜெட் கல்யாணமான மாதமே கண்டுபிடித்துவிட்டாள். இருபத்தாறு வருஷமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டும் இருந்தாள். லிங்கராஜபுரத்தில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்த அவர்களுடைய ஜூஸ் கடையில் அவள் பேசுவாள், அவன் பிழிவான். பேச்சும் வேண்டும் என்பவர்கள் அவள் பக்கம் நின்றார்கள். ஜூஸ் மட்டும் போதும் என்பவர்கள் அவன் பக்கம் வந்தார்கள்.

அவனுக்காகப் பேச ஒரு பலகையும் இருந்தது. ‘ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது’ என்று தமிழிலும் கன்னடத்திலும் அவனே எழுதி மாட்டியது. பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு கோடையில், அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒருவர் காமாலையில் படுத்தார்கள். ஜனங்கள் ஜூஸ் கடைப் பக்கமே தலைவைக்கவில்லை. அப்போதுதான் டொமினிக் தண்ணீர்க் குடத்தைக் கடையிலிருந்து வெளியேற்றினான். ஐஸை நிறுத்தினான். மிக்ஸியை விற்றான். பழம் பிழியும் ஒரு மெஷின், வடிகட்ட வெள்ளைத் துணி, அவ்வளவுதான் மிச்சம்.

“கிளாஸையாவது தண்ணியில கழுவலாமா, அதுவும் ஜூஸ்லதானா?” என்று பிரிஜெட் கேட்டாள்.

கேலி ஒரு பக்கம் இருந்தாலும் பலகை நின்றது. பூசை முடிந்து எதிரே இருந்த கோயிலிலிருந்து வருகிறவர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நேரே அங்கே வந்தார்கள். காய்ச்சலிலிருந்து எழுந்தவர்களுக்கு, “டொமினிக் கடையில வாங்கு, வேற எங்கயும் வேணாம்” என்று ஆள் அனுப்பினார்கள். டொமினிக் தன்னைப் பற்றி ரொம்பப் பெரிதாக எதுவும் நினைத்ததில்லை. அந்தப் பலகையைப் பற்றி மட்டும் நினைத்திருந்தான்.

இந்த ஏப்ரலில் கடைக்கு மேல்மாடியில் ஜெர்மன் வகுப்பு ஒன்று தொடங்கியது. ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிற நர்சுகளுக்கானது. சொல்லிக்கொடுக்க ரெனாட்டே என்று ஓர் அம்மாள் அந்த ஊரிலிருந்தே மூன்று மாதத்துக்கு வந்திருந்தார். அறுபது வயதிருக்கும். குட்டையாக வெட்டிய நரை முடி, தோளில் துணிப்பை, பைக்குள் தடிமனான ஒரு புத்தகம். வகுப்பு தொடங்கி ஒரு வாரம் கழித்து, ஒருநாள் நான்கு மணிக்குக் கடைக்கு வந்தார்.

“ஆப்பிள் ஜூஸ். பாதி கிளாஸ். ஒரு சோடா,” என்றார் இங்கிலீஷில்.

விருந்தாளிக்கு வெறும் சோடாவா கொடுப்பது என்று பிரிஜெட் பன்னீர் சோடாவை உடைத்து வைத்தாள். டீச்சர் ஒரு வாய் குடித்துவிட்டு, யாரோ தன் முகத்தில் பவுடர் பூசிவிட்டதுபோல விழித்தார். பிறகு சாதா சோடா வந்தது. அவர் அதை எடுத்து, டொமினிக் பிழிந்து, இரண்டு முறை வடிகட்டி வைத்திருந்த ஆப்பிள் ஜூஸில் விளிம்பு வரைக்கும் ஊற்றினார்.

பலகைக்கு நேர் கீழே. நாலு பேர் பார்க்க.

டொமினிக்கின் கை மெஷின் மேல் அப்படியே நின்றுவிட்டது. டீச்சருக்கு வயிற்றுக் கோளாறாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மறுநாளும் அவர் வந்தார், மறுநாளும் ஊற்றினார். மூன்றாம் நாள் டொமினிக் விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போய், வழக்கமான சிம்லா ஆப்பிளை விட்டுவிட்டு, தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் வருகிற வெளிநாட்டு ஆப்பிளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து வாங்கி வந்தான். டீச்சர் அதிலும் சோடா ஊற்றினார். எலுமிச்சை இரண்டு சொட்டு சேர்த்துப் பார்த்தான். துணியை மாற்றிப் பார்த்தான். ஊற்றிவிட்டு அவர் புன்னகை வேறு செய்தார். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

“இன்னா குரு,” என்றான் ஆட்டோ ஓட்டும் நாகேஷ், சாத்துக்குடி கிளாஸோடு. “மேடம் தெனம் சோடா ஊத்தித்தான் உள்ள தள்ளுது. உன் ஜூஸ் அவ்ளோ கஷ்டமா?”

சிரிப்பு எழுந்தது. டொமினிக்கும் லேசாகச் சிரித்துவைத்தான். ஆனால் பக்கத்தில் பூ விற்கும் எல்லம்மா அன்று சாயங்காலம் பிரிஜெட்டைத் தனியே கூப்பிட்டு, “ஆப்பிள் இப்ப புளிக்குதாமே?” என்று தணிந்த குரலில் கேட்டது அவன் காதில் விழுந்துவிட்டது. சிரிப்பைத் தாங்கலாம். தணிந்த குரல் பத்து வீடு ஏறி இறங்கும்.

“ஒரு வார்த்தை, ஏம்மா ஊத்தறீங்கன்னு கேட்டா முடிஞ்சுது. நீங்க கேக்கறீங்களா, நான் கேக்கட்டுமா?” என்றாள் பிரிஜெட்.

“வேணாம்,” என்றான்.

காரணத்தை அவன் சொல்லவில்லை. சாப்பிட வந்தவரிடம் என் சமையல் ஏன் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று கேட்பது எப்படி? அது ஒன்று. இன்னொன்றும் இருந்தது. டீச்சர் கிளாஸை எடுத்துக்கொண்டு கொய்யாக் கூடைக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் படிப்பார். அந்த நேரத்தில் கூட்டம் குறைவு. டொமினிக்கும் மெஷினுக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கும் தன் பழைய புத்தகத்தை எடுப்பான். அந்த முனையில் ஒரு பக்கம் புரளும், இந்த முனையில் ஒரு பக்கம் புரளும். ஒருவரை ஒருவர் ஏறிட்டுப் பார்க்கமாட்டார்கள். ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தாலும் அந்த இடம் மட்டும் நடுமதியக் கோயில் மாதிரி இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் அந்தக் கடையில் அவனோடு சேர்ந்து யாரும் சும்மா இருந்ததில்லை. கேட்டால் அது போய்விடும் என்று பயந்தான். கேட்காவிட்டால் பலகை போய்விடும் போலிருந்தது.

மே மாதம் இரண்டாவது வியாழக்கிழமை அனுஷா இறங்கி வந்தாள். திருப்பத்தூர்ப் பெண், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ், வகுப்பில் எப்போதும் முன்வரிசை.

“அங்கிள், ஒரு ஹெல்ப். சனிக்கிழமை எங்களுக்குப் பேச்சுத் தேர்வு. உங்க கடையிலதான் வைக்கணும்னு டீச்சர் சொல்றாங்க.”

“கடையிலயா?” என்றாள் பிரிஜெட்.

“ஆமா ஆன்ட்டி. நாங்க ஒவ்வொருத்தரா வந்து ஜெர்மன்ல ஆர்டர் பண்ணுவோம். அந்த ஊர்ல வெயில் காலத்துல என்னென்ன குடிப்பாங்கன்னு ஒரு பாடம்.” கையிலிருந்த தாளைப் பார்த்தாள். “ஐஸ்காஃபே. அது ஆறின காபியில வெனிலா ஐஸ்கிரீம் போட்டது. ஆன்ட்டி, அது உங்க டிபார்ட்மென்ட். அப்புறம் ராட்லர். பீர் பாதி, எலுமிச்சை சோடா பாதி.”

“பேடா குரு, வேணவே வேணாம்!” நாகேஷ் காதைப் பொத்திக்கொண்டான். “பீர்ல எவனாச்சும் சோடா ஊத்துவானா? இன்னா பாவம் பண்ணுச்சு அது?”

“சைக்கிள் ஓட்டறவங்களுக்காக வந்ததாம் அண்ணா. ராட்லர்னாலே சைக்கிள்காரர்.”

“நான் ஆட்டோக்காரன். எனக்கு முழுசாவே ஊத்தச் சொல்லு.”

“அது தாள்ல மட்டும்தான். கோயிலுக்கு எதிர்ல வேணாம்னு டீச்சரே சொல்லிட்டாங்க.” அனுஷா டொமினிக்கிடம் திரும்பினாள். “முக்கியமா ஆப்பிள் ஷோர்லெ அங்கிள். அதுதான் அங்க எல்லாரும் குடிக்கறது. சின்னப் பசங்க, வயசானவங்க, ஆபீஸ்ல, ஆஸ்பத்திரியில. பாதி ஆப்பிள் ஜூஸ், பாதி சோடா. டீச்சர் டெய்லி குடிக்கறாங்களே, அதேதான். இருபத்திரண்டு கிளாஸ். நீங்களே உங்க கையால கலந்து குடுக்கணும்.”

டொமினிக் நெஞ்சிலிருந்து ஏதோ ஒன்று இறங்கியது. ஆக, ஜூஸில் குற்றமில்லை. அந்த ஊர்ப் பழக்கம். ஆனால் அது இறங்கிய இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. பழக்கம் அவர்களுடையது. பலகை அவனுடையது. சனிக்கிழமை சாயங்காலம் தெருவே நிற்கிற நேரத்தில், அதற்குக் கீழே நின்று தன் கையால் இருபத்திரண்டு கிளாஸ்களில் ஊற்ற வேண்டும். பார்க்கிறவர்களுக்கு ஜெர்மனியும் தெரியாது, பாடமும் தெரியாது. டொமினிக் கலக்கிறான் என்பது மட்டும்தான் தெரியும்.

“அவங்க கலந்துக்கட்டும்மா. நான் ஊத்த மாட்டேன்,” என்றான்.

“சோடாதானேங்க, தண்ணியா?” என்றாள் பிரிஜெட்.

“காத்தும் தண்ணியும்.”

அனுஷா முகம் சுருங்கி மாடிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் டீச்சரே இறங்கி வந்தார். மணி நான்கு ஆகியிருக்கவில்லை. புத்தகம் இல்லாமல் வந்திருந்தார். டொமினிக் பலகையைக் கையால் காட்டினான். அது என்ன சொல்கிறதென்று முதல் தடவையாக அவரிடம் இங்கிலீஷில் சொன்னான். காமாலை வந்த கோடையைச் சொன்னான். அவ்வளவு நீளமாக அவன் பேசி பிரிஜெட்டே கேட்டதில்லை. அவள் சாத்துக்குடியை உரிப்பதை நிறுத்திவிட்டாள்.

டீச்சர் பலகையை வெகுநேரம் பார்த்தார்.

“இந்த ரோட்டில் நான்கு ஜூஸ் கடை இருக்கிறது,” என்றார் கடைசியில். “முதல் வாரம் மற்ற மூன்றுக்கும் போனேன். அந்த ஜூஸில் சோடா ஊற்றினால் ஒன்றுமே மிஞ்சவில்லை. எனக்கு முன்னால் வேறு யாரோ ஊற்றிவிட்டார்கள். உங்களுடையதில் பாதி ஊற்றிய பிறகும் ஆப்பிள் இருந்தது. அதனால்தான் இங்கே வருகிறேன்.” பலகையைக் காட்டினார். “எழுதியிருப்பது எனக்குத் தெரியாது. ஆனால் குடித்தபோது தெரிந்தது.”

டொமினிக் வடிகட்டும் துணியை உதறி மடித்தான். ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

“சனிக்கிழமை எத்தனை மணிக்கு?” என்று கேட்டான்.

சனிக்கிழமை இருபத்திரண்டு பெண்கள் மாடிப்படியில் வரிசையாக நின்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். தெருவும் வந்திருந்தது. டீச்சர் ஸ்டூலில் பேனாவோடு உட்கார்ந்தார். பிரிஜெட் முந்தின நாளே டிகாஷன் இறக்கி ஆறவைத்து, ஐஸ்கிரீம் டப்பாவோடு தயாராக இருந்தாள். டொமினிக் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை: “கெர்ன.” சந்தோஷமாகத் தருகிறேன் என்று அர்த்தமாம். ராத்திரி சாப்பாட்டின்போதுகூட அதைச் சொல்லிப் பார்த்திருந்தான். இன்னும் கொஞ்சம் சோறு போடவா என்று கேட்டதற்கு அவன் “கெர்ன” என்றதும் பிரிஜெட்டுக்குப் புரையேறிவிட்டது.

முதலில் அனுஷா. தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, ஒரு ஆப்பிள் ஷோர்லெ கொடுங்கள் என்று ஜெர்மனில் கேட்டாள். “ஐனெ ஆப்ஃபெல்ஷோர்லெ, பிட்டெ.”

“கெர்ன.”

பாதி கிளாஸ் ஜூஸை எல்லாரும் பார்க்கும்படி மேசையில் வைத்தான். சோடா பாட்டிலைத் திறந்தான். கை ஒரு கணம் தயங்கியது. பிறகு ஊற்றினான். நுரை பொங்கி விளிம்புக்கு வந்து, வழியாமல் நின்றது.

“குரு!” கூட்டத்திலிருந்து நாகேஷின் குரல். “பலகையை எறக்க ஏணி எடுத்தாரட்டுமா?”

எல்லாரும் சிரித்தார்கள். எல்லம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த மல்லிகைச் சரத்தோடு கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டொமினிக் இன்னொரு கிளாஸில் பாதி ஜூஸ் எடுத்தான், பாதி சோடா ஊற்றினான், நாகேஷிடம் நீட்டினான். “குடிச்சுட்டுச் சொல்லு. அப்புறம் ஏணி எடு.”

நாகேஷ் விரலிடுக்கில் கிளாஸைப் பிடித்து, மருந்து குடிக்கிறவன்போல ஒரு வாய் குடித்தான். இன்னொரு வாய் குடித்தான். பிறகு நிறுத்தாமல் முழுக்கக் குடித்துவிட்டு, தெருமுனைவரை கேட்கிற ஓர் ஏப்பம் விட்டான்.

“ஆப்பிள் போகவே இல்லையே!” என்றான். “இவ்ளோ சோடா ஊத்தியும் உள்ள குந்திக்கினு இருக்குதே! அந்த மொனைக் கடைக்காரன் ஜூஸ்ல இப்படி ஊத்துனா சோடாதான் குரு இருக்கும்.”

“இங்க குடு,” என்றாள் எல்லம்மா. டொமினிக் புதிதாக ஒன்று கலந்து கொடுத்தான். அவள் ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி, தலையை ஆட்டினாள். “புளிக்கல,” என்றாள். இம்முறை தணிந்த குரலில் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு தேர்வு ஒழுங்காக நடக்கவில்லை. நர்சுகளுக்கு நடுவில் தெருக்காரர்களும் வரிசையில் நின்று, வாய்க்கு வந்த ஜெர்மனில் கேட்டு வாங்கினார்கள். பிரிஜெட்டின் ஐஸ்காஃபேவுக்கு இரண்டாம் டிகாஷன் போட வேண்டிவந்தது. டொமினிக் “கெர்ன” என்று எத்தனை முறை சொன்னான் என்று யாரும் எண்ணவில்லை. “ஒரு வருஷத்துக்கான பேச்சு இன்னைக்கே தீந்துபோச்சு,” என்றாள் பிரிஜெட். இருபத்திரண்டு பெண்களும் தேறினார்கள்.

திங்கட்கிழமை நான்கு மணிக்கு டீச்சர் வந்தார். டொமினிக் பாதி கிளாஸும் சோடாவும் வைத்தான். அவரே ஊற்றிக்கொண்டார். அவன் தனக்கும் பாதி பிழிந்து, பாட்டிலில் மீந்திருந்ததை அதில் ஊற்றிக்கொண்டு மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்தான். குளிர்ச்சி தொண்டையில் சுருக்கென்று இறங்கியது. இனிப்பு கொஞ்சம் தள்ளி, பின்னாலேயே வந்தது. பரவாயில்லை என்று நினைத்தான். நல்லாவே இருக்கிறது என்று அப்புறம் நினைத்தான்.

பலகை அதே இடத்தில் இருந்தது. அந்த முனையில் ஒரு பக்கம் புரண்டது. இந்த முனையிலும் ஒன்று.

பிரிஜெட் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அன்னைக்கு அவ்ளோ பேசினாங்க ரெண்டு பேரும்,” என்றாள் எல்லம்மாவிடம். “இன்னைக்கு ஒரு வார்த்தை வருதா பாரு.”

எல்லம்மா பூவைக் கட்டிக்கொண்டே, “விடும்மா,” என்றாள். “குடிக்கறாங்க இல்ல, அது போதும்.”