மஞ்சள் கோடு

கிளைவ் பேக்னலுக்கு உட்காரத் தெரியாது. டீயை நின்றுகொண்டு குடிப்பான், டி.வி.யை நடந்துகொண்டு பார்ப்பான். இங்கிலாந்தின் ஸ்டோக் நகரில் குளியலறை ஓடு விற்கும் கடையில் அவனுக்கு வேலை. வருகிறவர்கள் ஓட்டைப் பார்ப்பதா, காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் போல அலையும் இவனைப் பார்ப்பதா என்று குழம்புவார்கள். "உன்கூட இருந்தா ரயில்வே பிளாட்பாரத்துல குடியிருக்கற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் மனைவி கேனர் அவனை விட்டுப் போனாள். அதற்குப் பிறகு இன்னும் மோசமானான்.

மகள் பிரையனியும் அம்மாவோடு பக்கத்து ஊருக்குப் போய்விட்டாள். சனிக்கிழமை மட்டும் அப்பாவிடம் வருவாள். தொடக்கத்தில் அந்தச் சனிக்கிழமைகளில் சாவு வீட்டுக் களை இருந்தது. ஒரு சினிமா, ஒரு பீட்சா. அவள் போனைப் பார்ப்பாள், இவன் அவளைப் பார்ப்பான். பிறகு ஒரு வாரம் தலைவலி, ஒரு வாரம் தோழியின் பிறந்தநாள் என்று வராமலிருக்க ஆரம்பித்தாள். கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிக்கொண்டிருக்கிறது என்று கிளைவுக்குப் புரிந்தது. என்ன செய்வதென்றுதான் புரியவில்லை.

அந்த நேரத்தில்தான் ஒரு மைதானத்துக் கண்காட்சியில், மழையில் நனைந்தபடி, பிரையனி ஒரு கார் முன்னால் நின்றுவிட்டாள். தரையோடு தரையாக, கதவும் கூரையும் இல்லாமல், முன்சக்கரங்கள் வெளியே துருத்திக்கொண்டு நின்றது அந்தக் கார். ஒரு குடும்பம் வீட்டு ஷெட்டிலேயே பெட்டி பெட்டியாகச் சாமான் வாங்கிக் கட்டியதாம்.

"நாம ஒண்ணு கட்டலாமாப்பா?"

"கட்டலாமே!" என்றான் கிளைவ். ஸ்பேனருக்குத் தலை எது, வால் எது என்று தெரியாதவன். அவள் நிலாவுக்கு ஏணி கட்டலாமா என்று கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பான்.

லாரியில் பெட்டிகள் வந்தன. இரும்புக் குழாயில் செய்த எலும்புக்கூடு ஒன்றும் வந்தது. எஞ்சின், ஸ்டியரிங், பிரேக் எல்லாவற்றுக்கும் கேனர் வேண்டாமென்று விட்டுப்போன பழைய நீலக் கார் இருந்தது. இப்படி உறுப்புகளைக் கொடுத்துவிட்டுச் சாகும் காரை அந்த உலகத்தில் 'தானக் கார்' என்பார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்ற பழமொழி அங்கே செல்லாது. பல் பல்லாகப் பிடுங்கித்தான் பார்க்க வேண்டும். அப்பாவும் மகளும் பிடுங்கினார்கள், எது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் முழித்தார்கள், சண்டை போட்டார்கள், சிரித்தார்கள்.

வேலையை முதலில் பிடித்துக்கொண்டது பிரையனிதான். அளவு வைத்து முறுக்கும் ரெஞ்சு ஒன்று உண்டு, போதும் என்றதும் 'டக்'கென்று சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். கோடு நேராக இருந்தால் போல்ட் அசையவில்லை. உடைந்திருந்தால் அசைந்துவிட்டது.

"முறுக்கினவங்கதான் கோடு போடணும்" என்று அவள் சட்டம் போட்டாள். "எனக்கு மஞ்ச, உனக்கு வெள்ள. மஞ்சக் கோடு உடைஞ்சா நான் பதில் சொல்லணும். வெள்ளக் கோடு உடைஞ்சா நீ."

மஞ்சள் பேனா எப்போதும் அவள் சட்டைப் பையில்தான் இருக்கும். வீட்டுக்குப் போகும்போதும் எடுத்துக்கொண்டு போவாள்.

சனிக்கிழமைகளுக்கு உயிர் வந்தது. தலைவலியும் வரவில்லை, தோழிகளும் பிறக்கவில்லை. பக்கத்து வீட்டு மாரீன் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "என்ன வாத்து, இந்த ஜென்மத்துல ஓடுமா?" என்று கேட்பாள். வாத்து என்பது அந்த ஊர்ச் செல்லப்பெயர். மாரீன் தபால்காரரையும் அப்படித்தான் கூப்பிடுவாள். "ஓடும் ஓடும்" என்பான் கிளைவ். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் ஷெட்டுக்குள் போய்விடுவான்.

ஏனென்றால் கார் முடியப் போகிறது. பிரையனிக்கு வண்டி பழகும் வயதும் வந்துவிட்டது. கார் முடிந்தால் அரசாங்கச் சோதனை, பிறகு நம்பர் பலகை, பிறகு அவள் அதில் ஏறி எங்கே வேண்டுமானாலும் போவாள். இங்கே வருவதற்கு என்ன இருக்கிறது? கார் முடிந்தால் சனிக்கிழமையும் முடிந்தது. அந்த நினைப்பு வந்த நாளிலிருந்து கிளைவுக்குத் தூக்கம் போயிற்று. கடையில் ஒருவருக்குப் பச்சை ஓட்டுக்குப் பதில் பழுப்பு ஓட்டைக் கொடுத்து அனுப்பினான்.

ஒரு புதன்கிழமை, வேலை முடிந்து வந்தவன் ஷெட்டுக்குள் போனான். குட்டி போட்ட பூனை போலக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு முன்விளக்கைத் தாங்கும் போல்ட்டில் ஸ்பேனரை வைத்து அரைச் சுற்றுத் தளர்த்தினான். மஞ்சள் கோடு உடைந்தது.

தான் முறுக்கிய வெள்ளைக் கோட்டு போல்ட்டுகளைத் தளர்த்தியிருக்கலாம். ஆனால் அவற்றைச் சரிசெய்ய அவள் எதற்கு? அவளுடையதாக இருந்தால்தானே அவள் குனிவாள், திட்டுவாள், "இன்னும் ஒரு மணி நேரம் இருந்துட்டுப் போறேன்" என்பாள்? அந்தச் சனிக்கிழமை அவள் அப்படித்தான் சொன்னாள். இருவரும் ஷெட்டிலேயே சிப்ஸ் சாப்பிட்டார்கள். கிளைவுக்குச் சுகமாக இருந்தது.

ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? அடுத்த புதன் பானெட்டுக் கொக்கி, அதற்கடுத்த புதன் சைலன்சர். அவனுக்கென்று ஒரு தர்மமும் வைத்திருந்தான்: பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் தொடக் கூடாது. திருடனுக்கும் ஒரு கோயில் இருக்கும் இல்லையா, அந்த மாதிரி.

"மறுபடி லூஸாயிருக்கு" என்று ஒரு நாள் பிரையனி காரின் அடியிலிருந்து சொன்னாள். "எப்படிப்பா?"

"அதிர்வுதான். வண்டின்னா அதிரத்தானே செய்யும்."

"ஓடாத வண்டிக்கு என்ன அதிர்வு?"

"அப்போ வெயில். வெயில்ல இரும்பு விரியும்ல?"

"ஸ்டோக்ல எப்ப வெயில் அடிச்சுது?"

கிளைவ் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு போல்ட்டையும் இரண்டு தடவை முறுக்கினாள், 'டக்' சத்தத்தை நம்பாதவள் போல. பேச்சும் குறைந்தது. வயசுப் பிள்ளை, அப்படித்தான் இருக்கும் என்று கிளைவ் நினைத்துக்கொண்டான்.

பிறகு ஒரு புதன்கிழமை மதியம் போனில் செய்தி அனுப்பினாள்: 'இந்தச் சனிக்கிழமை ஓட்டிப் பாக்கறோம். மேல்தகடு இல்லாம, வெறும் எலும்புக்கூடா. சந்துலயே.'

இப்படிக் கார் கட்டுகிறவர்களுக்கு அது திருவிழா. தகடெல்லாம் போர்த்துவதற்கு முன்னால் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டால், பாதி கிணறு இல்லை, முக்கால் கிணறு தாண்டியாயிற்று. கிளைவ் செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தான். சாயங்காலம் நேராக ஷெட்டுக்குப் போனான். விளக்குக்கும் கொக்கிக்கும் இது அடங்காது, பெரிதாக ஏதாவது வேண்டும் என்று தோன்றியது. ஸ்டியரிங் தண்டைக் கீழே பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தினான், கையாலேயே சுழற்றுமளவுக்கு. சனிக்கிழமை அவள் வந்ததும், 'அடடா, ஸ்டியரிங் ஆடுதே, புதுப் பாகம் வரவழைக்கணும்' என்று தானே கண்டுபிடித்தது போலச் சொல்லலாம். சில வாரங்களாவது கிடைக்கும். அறிவு கெட்டவன். பயம் வந்தால் மனிதனுக்கு முதலில் போவது அதுதான்.

சனிக்கிழமை காலை, வழக்கம் போல அவன், அந்த ஊருக்கே பேர்போன ஓட்ஸ் தோசை விற்கும் கடை வரிசையில் நின்றான். உள்ளே சீஸும் பன்றி இறைச்சியும் வைத்துச் சுருட்டிய தோசை இல்லாமல் பிரையனி ஸ்பேனரைத் தொட மாட்டாள். அவள் வர இன்னும் நேரமிருந்தது. அப்போது மாரீன் வந்து பின்னால் நின்றாள்.

"என்ன வாத்து, நீ இங்க நிக்கறே? உன் பொண்ணு வந்தாச்சு. அவ அம்மா சீக்கிரமே இறக்கிவிட்டுட்டுப் போனா. அந்த எலும்புக்கூடு சந்துல நின்னு உறுமுது, என் வீட்டு ஜன்னலே ஆடுது."

கிளைவுக்குக் காது அடைத்தது. கல்லாவில் இருந்தவள் நீட்டிய பொட்டலத்தை ஏன் வாங்கினான், எப்படி வாங்கினான் என்று தெரியாது, அதோடுதான் ஓடினான். வாழ்நாள் முழுக்க எங்கேயும் நிற்காத கால், அன்றைக்குப் பார்த்து நகர மறுத்தது. எஞ்சின் சத்தம் கேட்டது. நல்ல சத்தம். இத்தனை நாள் இந்தச் சத்தத்துக்காகத்தானே! இப்போது அது நின்றுபோக வேண்டும் என்று வேண்டிக்கொண்டே ஓடினான்.

சந்து, மூடிப்போன ஓட்டுத் தொழிற்சாலையின் சுவரில் போய் முட்டும். அதன் இந்தக் கோடியில் கார் நின்றது. பிரையனி தலைக்கவசம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கை ஸ்டியரிங்கில்.

"எடுக்காதே! எடுக்காதேடி! இறங்கு!"

அவன் காரின் முன்னால் போய் விழுந்தான், முழங்கால் சிராய்த்தது. "ஸ்டியரிங்… அடியில இருக்கற போல்ட்டு… அது லூஸு…"

பிரையனி எஞ்சினை நிறுத்தினாள். தலைக்கவசத்தைக் கழற்றவில்லை.

"தெரியும்."

"தெரியுமா?"

"மஞ்சக் கோடு உடைஞ்சிருந்துச்சு. முறுக்கிட்டேன். எப்பவும் எல்லாக் கோட்டையும் பாத்துட்டுத்தான் வேலையே ஆரம்பிக்கறேன். நீதான் பழக்கி விட்டுட்டியே."

கிளைவ் அப்படியே தரையில் கிடந்தான்.

"மாரீன் ஆன்ட்டி போன மாசம் சொன்னாங்க. 'உங்கப்பன் புதன்கிழமையானா ஷெட்டே கதின்னு கிடக்கான், எவ்ளோ பாசம் பாரு'ன்னு. நீயா சொல்லுவேன்னு பாத்தேன். சொல்லல." அவள் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அதுக்கு முன்னாடி நான் என்ன நினைச்சேன் தெரியுமா? என் கையில வேலையே வரலன்னு நினைச்சேன். வீட்டுல போல்ட் முறுக்கறது எப்படின்னு வீடியோவத் திருப்பித் திருப்பிப் பாத்தேன்ப்பா. ராத்திரி அழுதேன். உன் வெள்ளக் கோடு ஒண்ணுகூட உடையல, என்னுது மட்டும் உடையுதுன்னு."

அவனுக்கு இது ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை.

"ஏன்ப்பா?"

"முடிஞ்சுட்டா நீ வர மாட்டே."

சொல்லிவிட்டான். சொன்ன பிறகு அது எவ்வளவு சின்னதாக இருந்தது!

"அதுக்கு ஸ்டியரிங்கா? செத்திருந்தா சனி, ஞாயிறு எதுக்குமே வந்திருக்க மாட்டேன்ல?"

"தள்ளு" என்றாள். அவன் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றான். எஞ்சின் மறுபடி உறுமியது. கார் ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பி, சந்தின் நடுவே நேர்க்கோடாகப் போனது. சக்கரங்கள் அவள் சொன்னபடி கேட்டன. அவர்கள் கட்டிய கார் ஓடியது. அவன் கைதட்டவில்லை, கையில் பொட்டலம் நசுங்கிக்கொண்டிருந்தது. அது முட்டுச்சந்து, திரும்பி வந்துதான் ஆக வேண்டும் என்று தெரிந்தும், அவள் திரும்பும் வரை அவன் மூச்சு விடவில்லை.

காரை ஷெட்டில் விட்டாள். அம்மாவுக்குப் போன் போட்டாள். தோசையைத் தொடவில்லை. போகும்போது சட்டைப் பையிலிருந்து மஞ்சள் பேனாவை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"அடுத்த சனிக்கிழமை வர மாட்டேன். இந்தா பேனா. இனிமே உடைச்ச கோட்டையெல்லாம் நீயே போட்டுக்கலாம், யாருக்கும் தெரியாது."

அடி வாங்கியிருந்தாலும் அவனுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ஞாயிறு, திங்கள், செவ்வாய் எல்லாம் எப்படிப் போயின என்று கேட்டால் கிளைவுக்குச் சொல்லத் தெரியாது. போனை எடுப்பான், வைப்பான். மாடிக்கு ஏறுவான், எதற்கு ஏறினோம் என்று இறங்குவான். புதன்கிழமை வேலை முடிந்து வந்ததும் கால் தானாக ஷெட்டுக்கு இழுத்துப்போனது. விளக்கைப் போட்டான். மஞ்சள் கோடுகள் எல்லாம் நேராக இருந்தன. ஒவ்வொன்றும் அவள் இரண்டு தடவை முறுக்கியது. ஸ்பேனர்கள் வரிசையாகத் தொங்கின, பேனா அவள் வைத்த இடத்திலேயே கிடந்தது. காரைச் சுற்றி நடக்க ஆரம்பித்தவன், பாதிச் சுற்றில் நின்றான். ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தான். கைகளை மடியில் வைத்துக்கொண்டான். வெளியே வெளிச்சம் மங்கத் தொடங்கியது. அவன் எழுந்திருக்கவில்லை.

ஷெட்டுக் கதவு கிறீச்சிட்டது. தோளில் கல்லூரிப் பையோடு பிரையனி நின்றாள், பஸ்ஸில் வந்திருக்க வேண்டும்.

"கையைக் காட்டு" என்றாள்.

அவன் இரண்டு கைகளையும் நீட்டினான். அவள் கிட்டே வந்து உள்ளங்கையைப் பார்த்தாள், திருப்பிப் போட்டாள், விளக்குப் பக்கம் இழுத்து நகக்கண்களைப் பார்த்தாள். கறுப்பு இல்லை, எண்ணெய் இல்லை.

"டீ போட்டியா?"

"இல்ல."

"வேலை முடிஞ்சு வந்து எவ்ளோ நேரமாச்சு? என்னதான் பண்ணிட்டிருந்தே?"

"உட்காந்திருந்தேன்."

அவள் கையை விடாமல் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நீயா?" என்றாள். பிறகு மேஜையிலிருந்த பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இன்னொரு பெட்டியைக் காலால் இழுத்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.