ஆனா சார் கேட்ட கேள்வி

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். கல்லூரிக் கணினிக்கூடத்தில் உதவியாளராக இருந்த அவள், பிரிண்டரின் வயிற்றில் சிக்கிய தாளை உருவிக்கொண்டிருந்தாள். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"அந்த ஸ்டோரேஜ் சாஃப்ட்வேர் உங்களோடதுதானேங்க?" பெண் குரல். "நான் ஒரு சர்வேயர். சின்னதா ஆபீஸ் வச்சிருக்கேன். பதினோரு வருஷமா அளந்த அளவு, வரைபடம் எல்லாம் அதுலதான் இருந்துச்சு. நேத்து புது வெர்ஷன் ஏத்தினேன். இன்னிக்கு வந்து பாத்தா துடைச்சு வச்ச மாதிரி இருக்கு."

அவளுடையதுதான். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தோழி ஒருத்தியோடு சேர்ந்து எழுத ஆரம்பித்தது. பழைய கணினி ஒன்றில் நாலு ஹார்ட் டிஸ்கைப் பூட்டி இதை ஏற்றினால் போதும். அலுவலகத்துக் கணினிகளெல்லாம் நெட்வொர்க் வழியே தங்கள் கோப்புகளை அதில் கொண்டுவந்து சேர்க்கும். நிரல் ஊருக்கே திறந்து கிடந்தது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். ஐந்தாம் ஆண்டில் தோழி வேறு வேலைக்குப் போய்க் கழன்றுகொண்டாள். அதன்பின் பயன்படுத்தப் பல்லாயிரம் பேர், பதில் சொல்ல இவள் ஒருத்தி. விடிந்ததும் ஒரு மணி நேரம், மதியச் சாப்பாட்டு வேளை, ஞாயிறு முழுவதும் அதற்கே போயிற்று. இப்போதெல்லாம் மின்னஞ்சல் பெட்டியைத் திறக்கும்போதே தோள்பட்டை வலிக்கத் தொடங்கிவிடும்.

"முதல்ல அந்த மெஷினை அணைச்சிடுங்க," என்றாள். "அழிஞ்சாலும், மேல வேற ஏதாவது எழுதுற வரைக்கும் டிஸ்க்ல ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும்."

"எல்லாம் கிடைச்சிடுமா?"

"தெரியலைங்க. பாக்கிறேன்."

புதிய பதிப்பை இணையத்திலிருந்து நீக்கிவிட்டு, யாரும் ஏற்ற வேண்டாம் என்று எச்சரிக்கை போட்டாள். அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். தவறைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சேர்த்துவைத்த பிரதிகளில் காலாவதியானவற்றை வேகமாகக் கழித்துக்கட்ட ஒரு திருத்தத்தை, முகம் தெரியாத ஒருவர் ஆறு வாரம் முன்பு அனுப்பியிருந்தார். ஒரு கையில் சாப்பாட்டோடு படித்து, தன் கணினியில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, சரி என்று அப்போதே சேர்த்திருந்தாள்.

அந்தத் திருத்தத்தின் கீழே ஒரே ஒரு குறிப்பு இருந்தது. 'நல்லா இருக்கு. ஆனா கடிகார பேட்டரி செத்துப்போன மெஷின்ல தேதி பல வருஷம் பின்னால போயிடுமே? அப்ப பிரதியோட வயசு மைனஸ்ல வருமே, அதைத் தப்பா எடுத்து எல்லாமே காலாவதின்னு அழிச்சிடாதா?'

குறிப்பை எழுதியவர் எல்லாவற்றிலும் நொட்டை சொல்கிறவர். ஏழு ஆண்டுகளாக எதைப் பாராட்டினாலும் அடுத்த சொல் 'ஆனா' என்றுதான் வரும். அதனால் அவள் கணவன் அவருக்கு வைத்த பெயர் 'ஆனா சார்'. அவருடைய குறிப்புகளும் மின்னஞ்சல்களும் கண்ணிலேயே படாமல் ஒதுங்கும்படி மூன்று மாதம் முன்பு அவள்தான் செய்துவைத்திருந்தாள்.

பேருந்து ஓட்டிவிட்டு மாலையில் வந்த கணவன், சீருடையைக்கூட மாற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"ஆனா சார் கேட்டிருக்காருங்க. கரெக்டா இதையேதான் கேட்டிருக்கார். நான்தான் பாக்கல."

எப்போதும் அந்தப் பெயரைக் கேட்டால் சிரிப்பவன், அன்று சிரிக்கவில்லை. எழுந்து போய் தட்டில் சாப்பாடு போட்டு வந்து அவள் கையில் கொடுத்தான்.

மூன்று நாட்கள் அவளும் சர்வேயரும் தொலைபேசியில் மாறி மாறிப் பேசி, டிஸ்குகளை வேறு கணினியில் மாட்டி, கிடைத்ததையெல்லாம் சுரண்டி எடுத்தார்கள். பெயரில்லாத கோப்புகளாக வந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து எந்த நிலம் என்று அந்தப் பெண் அடையாளம் சொன்னாள். ஒன்பது ஆண்டுக்கானது மீண்டது. கடைசி இரண்டு ஆண்டு போனது போனதுதான்.

"ஒண்ணு சொல்லணுங்க," என்றாள் அவள் சர்வேயரிடம். "இப்படி ஆகும்னு ஒருத்தர் முன்னாடியே எச்சரிச்சிருக்கார். நான் படிக்கல. தப்பு என் மேலதான்."

"சொல்லாமலே விட்டிருக்கலாமே நீங்க," என்றாள் சர்வேயர். குரலில் கோபம் இருந்தது. "சரி, விடுங்க. திரும்ப நடந்து அளக்கணும். என்ன பண்றது."

அன்றே அவள் ஆனா சாருக்கு எழுதினாள். மன்னிப்புக் கேட்டு, தன்னால் இனி முடியவில்லை, நீங்கள் பொறுப்பெடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டு, தன் தொலைபேசி எண்ணையும் கொடுத்திருந்தாள். பத்து நிமிடத்தில் கூப்பிட்டார். இரைச்சலான இடத்திலிருந்து பேசினார்.

"லிஃப்ட் மெக்கானிக்குங்க நான். எங்க வேலைல ஒரு போல்ட்டைப் பாக்காம விட்டா ஆளு விழுந்துடுவான். அந்தப் பழக்கத்துலதான் நச்சரிச்சிக்கிட்டே இருந்தேன். உங்களுக்கு எரிச்சலா இருந்திருக்கும்."

"இருந்துச்சு."

அவர் சிரித்தார். "எடுத்துக்கிறேன். ஆனா..."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. அந்த வாரத்தில் முதல் தடவை.

"ஆனா தனியா மாட்டேன். ரெண்டு பேர் பாக்காம எதுவும் வெளிய போகக்கூடாது. இன்னும் ரெண்டு பேரை நான் பிடிக்கிறேன். நீங்க ரெண்டு மாசம் கேட்டதுக்குப் பதில் மட்டும் சொல்லுங்க, போதும். அப்புறம் நிம்மதியா இருங்க."

சாவிகளையும் கடவுச்சொற்களையும் ஒப்படைத்தபோது மனம் லேசாகும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை. பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டு வருகிறவள்போல வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தாள். பிறகு பகலிலேயே படுத்து, மாலைவரை அடித்துப்போட்டது மாதிரித் தூங்கினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் பேருந்தில் போய் சர்வேயரின் அலுவலக வாசலில் நின்றாள். முதல்நாளே போன் செய்து, உதவிக்கு வரட்டுமா என்று கேட்டிருந்தாள். அந்தப் பெண் இவளை மேலும் கீழும் பார்த்தாள். நன்றி எதுவும் சொல்லவில்லை. ஒரு தொப்பியை எடுத்து நீட்டினாள்.

ஊருக்கு வெளியே காலி மனையொன்றின் மூலையில் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றாள் அவள். தூரத்தில் கருவிக்குப் பின்னால் குனிந்திருந்த சர்வேயர் கத்தினாள்.

"கொஞ்சம் இடது பக்கம்! சாயாம நேரா பிடிங்க!"

கால் கடுத்தது. அவள் கோலை நேராக்கிப் பிடித்தாள்.