யாரும் உட்காராத இருக்கை

கிட்ட வாருங்கள் கண்ணுகளா. காலை நீட்டியோ, சுவரில் சாய்ந்தோ, எப்படி வசதியோ அப்படி உட்காருங்கள். உட்காரத் தெரியாமல் மாட்டிக்கொண்ட ஒரு கெட்டிக்காரன் கதையைச் சொல்கிறேன்.

அவனுக்கு வேலையிடத்தில் புரொபசர் என்று பெயர். படித்து வாங்கியதில்லை, வாய் ஓயாததால் வந்தது. முதலாளிமார் சொந்தமாக வைத்துப் பறக்கிற சின்ன ஜெட் விமானங்களுக்கு மின்சார வேலை பார்ப்பவன். விமானத்துக்குள் வரிசையாகக் கறுப்புக் குமிழ்கள் இருக்கும். எங்காவது கம்பி பிசகினால் அதற்குரிய குமிழ் ‘டப்’பென்று வெளியே துள்ளி மின்சாரத்தை நிறுத்திவிடும். பிரேக்கர் என்பார்கள். காரணம் தெரியாமல் அதை உள்ளே அமுக்கக் கூடாது என்று புரொபசர் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பான்.

அவனுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. முதலாளிகளின் வெள்ளைத் தோல் இருக்கைகளில் அழுக்குச் சட்டையோடு யாரும் உட்காரக் கூடாது என்பது அங்கே வழக்கம். இருபது வருடத்தில் அவன் முட்டி தேய்ந்ததே தவிர, ஓர் இருக்கையிலும் உடம்பு பட்டதில்லை.

இப்படிப்பட்டவனுக்கு ஒரு ஜெட் வந்து வாய்த்தது. படிக்கிற விளக்கின் பிரேக்கர் நடுவானில் துள்ளியதாம். தரையில் சோதித்தான், விளக்கு ஜோராக எரிந்தது. பதிவேட்டில் ‘சோதித்தேன், குறை இல்லை’ என்று எழுதி முத்திரை குத்தினான். அடுத்த பயணத்திலும் துள்ளியது. பிரேக்கர்மேல் பழியைப் போட்டுப் புதிதாக மாற்றினான். பாவம், அது என்ன செய்யும், தன் வேலையைத்தானே பார்த்தது! மறுபடி ‘குறை இல்லை’. மறுபடி ‘டப்’.

தலைமை இன்ஸ்பெக்டர் அம்மாள் கூப்பிட்டார். “இன்னொரு தடவை அது துள்ளுச்சுன்னா உங்க முத்திரைய என் மேஜையில வெச்சிடுங்க.” முத்திரை போனால் அவன் கைபட்ட எந்த விமானத்தையும் அவனே அனுப்பிவைக்க முடியாது. புரொபசர் என்ற பெயர் மட்டும் மிச்சமிருக்கும், கேலிக்கு.

மறுநாள் காலையில் விளக்கை எரியவிட்டு, முட்டிபோட்டு ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது பைலட் ஏறி வந்தான். அவன் வேறு யாருமில்லை, புரொபசரின் மனைவிக்குத் தம்பி.

“என்ன அத்தான், வியாதி தெரிஞ்சுதா? இல்ல, இன்னிக்கும் குறை இல்லையா?”

“மேல போய் நீ என்னதான் பண்றே மாப்ளே? எங்கிட்ட இது பச்சப்புள்ள மாதிரி இருக்கு.”

“நான் ஓட்டுறேன். மொதலாளி உக்காந்து பேப்பர் படிக்கிறாரு. வேற என்ன?” சொல்லிக்கொண்டே அலுப்போடு முதலாளியின் இருக்கையிலேயே சாய்ந்தான்.

“டேய், எந்திரி! அதுல உக்காரக் கூடா...”

டப்.

இரண்டு பேரும் குமிழைப் பார்த்தார்கள். புரொபசர் பேட்டரியை நிறுத்தி, கம்பி எங்காவது உலோகத்தில் பட்டால் கத்துகிற மீட்டரை அதில் மாட்டினான். “எந்திரி.” மீட்டர் சும்மா இருந்தது. “உக்காரு.” மீட்டர் கீச்சென்று கத்தியது.

இருக்கையின் அடித்தட்டைக் கழற்றினான். ஒரு திருகு இருக்க வேண்டியதைவிட நகக்கண் அளவு நீளமாக இருந்தது. மேலே ஆள் உட்கார்ந்தால் விளக்குக் கம்பி வளைந்து அதன் நுனியில் உரசும். உறை கிழிந்து செம்பு பளபளத்தது. இறுக்கிய திருகின் தலையில் ஆளுக்கொரு நிறத்தில் சாயக்கோடு போடுவது அங்கே வழக்கம். இந்தக் கோடு ஊதா. ஊதா யாருடையது என்று நான் சொல்லவும் வேண்டுமா?

“மூணு வாரமா திருடனத் தேடுறேன் மாப்ளே,” என்றான். “காலைல முகம் கழுவுறப்ப கண்ணாடியிலயே பிடிச்சிருக்கலாம்.”

“விடுங்க அத்தான். சின்னத் திருகா மாத்திட்டு, கம்பி தேஞ்சிருந்துச்சுன்னு எழுதுங்க. அக்காகிட்ட மூச்சு விட மாட்டேன்.”

“நீயா? உன் அக்காகிட்டயா?” என்று சிரித்தவன், சிரிப்பு பாதியிலேயே நிற்க, எழுந்தான். இந்தத் திருகைப் போட்ட அதே நாள், அதே பொட்டலத்துத் திருகுகளைப் பக்கத்து ஜெட்டிலும் போட்டிருந்தான். அது விமானக் கொட்டகை வாசலில் நிற்கிறது. ஆட்கள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.

தேய்ந்த முட்டியோடு அவன் ஓடின ஓட்டம் இருக்கிறதே, வாத்து கூட அதைவிட அழகாக ஓடும்.

“மேடம், வாசல்ல நிக்கிற விமானத்த நிறுத்துங்க! ஒரு முட்டாள் அதுல நீளத் திருகு போட்டிருக்கான்.”

“எந்த முட்டாள்?”

அவன் சட்டைப் பையிலிருந்து முத்திரையை எடுத்து மேஜையில் வைத்தான். “ஊதா முட்டாள்.”

அம்மாள் போனை எடுத்து முதலில் விமானத்தை நிறுத்தினார். பிரித்துப் பார்த்ததில் இரண்டு இருக்கைகளுக்கு அடியில் கம்பி கீறியிருந்தது. மேலே போயிருந்தால் தீப்பொறி பறந்திருக்கும்.

முத்திரை மூன்று மாதத்துக்குத் திரும்பி வரவில்லை. “அதுவரைக்கும் உங்களுக்கு ஒரே வேலை,” என்றார் அம்மாள். “சோதனைக்கு வர்ற ஒவ்வொரு விமானத்துலயும், எல்லா இருக்கையிலயும் நல்லா அழுத்தி உக்காந்து பாக்கணும். சட்டைய மட்டும் துவைச்சுப் போட்டுட்டு வாங்க.”

அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம், “இருபது வருஷம் உழைச்சதுக்கு இப்பத்தான் உக்கார்ற உத்தியோகம் கிடைச்சிருக்கு,” என்றான்.

“தெரியும். தம்பி மத்தியானமே போன் பண்ணிட்டான்,” என்றாள் அவள்.

கண்ணுகளா, உங்கள் வீட்டு விளக்குகள் குறைவில்லாமல் எரியட்டும். தப்புச் செய்துவிட்டேன் என்று சொல்லி வருகிறவருக்கு உங்கள் வீட்டில் முதலில் ஒரு நாற்காலி கிடைக்கட்டும். உட்கார்ந்தவர் எழுந்துபோக மனமில்லாத வீடாக அது நிறைந்திருக்கட்டும்.